வளர வளரச் சரியாகுமா?

சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு. நடுச்செவியின் இந்த மூன்று சிற்றென்புகளின் பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம். அவை எப்படி உருவாகின்றன என்பதைப் பெற்றோரும் அறிய வேண்டும் என்பேன்.

கருவின் ஆறாவது வாரமளவில் அவை கசியிழையமாகத் தோன்றுகின்றன. முதலிரண்டும் கீழ்த்தாடை உருவாகும் அதே வளைவிலிருந்து வருகின்றன. ஏந்தியுருவின் பெரும்பகுதி அடுத்த வளைவிலிருந்து. (மெல்லும் தாடையும் கேட்கும் என்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!) நான்காம் மாதமளவில் என்பாகத் தொடங்கி, பிறக்கும்போதே வளர்ந்தவர்களுக்குரிய அளவை ஏறக்குறைய அடைந்துவிடுகின்றன. கையும் காலும் இனித்தான் வளர வேண்டும். இவற்றின் வளர்ச்சி முடிந்துவிட்டது.

ஆகவே ஏந்தியுரு அசையாமல் இறுகிப் பிறந்த பிள்ளைக்கு, "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருந்து என்ன பயன்? வெளிச்செவி அழகாகவே இருக்கலாம். எங்கள் வீடுகளிலோ, கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் பிடிவாதம். பேசாவிட்டால், "வாப்பாவும் பிந்தித்தான் பேசினார்" என்ற சமாதானம். இத்தகைய குறைபாட்டுக்குக் கேட்டற் கருவியோ சத்திரசிகிச்சையோ பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் மொழி பதியும் முதல் வருடங்கள் போனால் போனதுதான்.

பிள்ளை பிறந்த முதல் மாதத்திலேயே செவிப்புலப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள், உம்மாமாரே. தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் செய்வது, வலியே இல்லை.