தெய்வச் செயலும் வரிக்கணக்கும்

வரியும் வருவாயும் இலக்கியப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்கிறார் நண்பர். கவிஞர். ஒரு கவிதையில் ஒரு சொல் பொய்யாக விழுந்திருக்கிறதென்று மூன்று இதழ்களுக்குச் சண்டை போட்டவர். இதுவும் ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

2020 ஆகஸ்ட் 27 அன்று, ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தை ஒட்டி, மத்திய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் கொரோனாவைத் தெய்வச் செயல் என்றார், ஆங்கிலத்தில். அந்த ஏப்ரல்-ஜூனில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 24 சதவீதம் சரிந்திருந்தது, வரி வரவில்லை. மாநிலங்கள் தம் வரி உரிமையைக் கைவிட்டதற்கு ஈடாக, 14 சதவீத ஆண்டு வளர்ச்சிக்குக் குறைவதை ஐந்தாண்டுகள் ஈடுகட்டுவதாக 2017இல் சட்டமே செய்திருந்தார்கள். இப்போது பள்ளம் 2.35 லட்சம் கோடி. அதில் 97,000 கோடி ஜி.எஸ்.டி.யால் வந்தது, மீதி கொரோனாவால் வந்தது என்று பிரித்து, மாநிலங்களே கடன் வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள்.

தமிழில் தெய்வச் செயல் என்பது கவிழ்ந்த பஸ்ஸிலிருந்து பிழைத்து வந்தவன் சொல்வது. கவிழ்த்த டிரைவர் சொல்வதல்ல. ஆங்கிலத்தில் அது இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் பாஷை. சட்டத்திலோ தெய்வத்துக்கென்று விலக்குப் பிரிவு எதுவும் கிடையாது.

தெய்வம் 2020இல்தான் வந்தது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக்கி, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி போகும் என்று அறிவித்தார்களே, அது யார் செயல்? மாநிலங்களுக்கான ஈட்டுத்தொகையும் அந்த ஆண்டே தாமதப்படத் தொடங்கியிருந்தது. 2020 மேயில் கச்சா எண்ணெய் விலை விழுந்துகிடந்தபோது பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏற்றினார்கள், மாநிலங்களுக்குப் பங்கில்லாத தலைப்புகளில். வேலை போனவனின் ஸ்கூட்டருக்கும் அதே வரி.

தமிழ்நாடு மட்டும் யோக்கியமா? மே 7 அன்று டாஸ்மாக் திறந்தது. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கினார்கள். பெரிய கோயில்கள் திறக்கச் செப்டம்பர் ஆயிற்று. (தெய்வம் செயல்பட்டதாகச் சொல்லப்படும் நாளில் அது பூட்டிய கதவுக்குள் இருந்தது.)

அந்த வாரம் நான் ஒரு கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தேன். 'சொல்லின் நேர்மை' என்று ஒரு பக்கத்துக்கு. செய்தியைக் கேட்டுச் சிரித்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தேன். பிறகு மத்திய அரசே கடன் வாங்கிக் கொடுத்தது. அதை அடைக்க, 2022 ஜூனில் முடியவேண்டிய செஸ்ஸை 2026 மார்ச் வரை நீட்டினார்கள். அந்தச் செய்தி வந்தபோது நான் சிரிக்கவுமில்லை, கவனிக்கவே இல்லை.