அரை மில்லிமீட்டர் இடைவெளி

ஜூரோங் தீவிலோ பெங்கராங்கிலோ ஆலை வேலைக்குச் சேரும் இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "டர்பைன் ஓடும்போது எதைக் கவனிக்கணும், அண்ணா?" அதிர்வை எல்லாரும் பார்ப்பார்கள். தண்டு முன்பின்னாக எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள் என்பேன்.

நீராவி தண்டைச் சுழற்றுவதோடு ஒரு பக்கமாகத் தள்ளவும் செய்கிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது திரஸ்ட் பேரிங். அதற்குள் தண்டு நகர்வதற்கு விடும் இடைவெளி பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பேரிங்கில் பூசியிருக்கும் மென்மையான வெள்ளை உலோகம் தேய்ந்துபோனால், சுழலும் பாகம் நிற்கும் பாகத்தில் உரசும். நம் மின்நிலையங்களில் பெரிய டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது. உரசத் தொடங்கியபின் ஆள் ஓடிவந்து நிறுத்த நேரமிருக்காது. அருகில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து.

அதனால்தான் தண்டைத் தொடாமலே தூரத்தை அளக்கும் இரண்டு உணரிகளைப் பொருத்துகிறார்கள். இரண்டும் ஆபத்து என்றால், இயந்திரம் யாரையும் கேட்காமல் நின்றுவிடும். ஒன்று மட்டும் தவறாகக் காட்டினால் ஆலை வீணாக நிற்காது.

"உற்பத்தி கெடுது, அந்த டிரிப்பைக் கொஞ்ச நேரம் எடுத்துவிடு" என்று மேலதிகாரி சொல்லும் நாளும் வரலாம். வாக்குவாதம் வேண்டாம். சென்ற வார அளவையும் இன்றைய அளவையும் பேரிங் சூட்டோடு சேர்த்துக் காட்டுங்கள். சுமை மாறாமலே எண் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால், இப்போதே நிறுத்தினால் பேரிங்கோடு போகும். நிறுத்தாவிட்டால் ரோட்டரே போகும். புதியது வர மாதங்கள் ஆகும். கையெழுத்துப் போடும் முன் இதை யோசியுங்கள்.