பூட்டுக்கு ஏற்ற மாதிரி நாம் ஏன் பழகவேண்டும்?

அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கதவு இருக்கும். அதைத் திறக்க சாவி மட்டும் போதாது. கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கவேண்டும். முழங்காலால் லேசாக ஒரு இடி. சாவியை முழுக்க உள்ளே விட்டு, நூலளவு வெளியே இழுத்து, அப்புறம் திருப்பவேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது கைவந்த கலை. ஊரிலிருந்து வந்த சித்தப்பா பத்து நிமிடம் போராடிவிட்டு "பூட்டுல என்னமோ கோளாறுடா" என்பார். "அது அப்படித்தான் சித்தப்பா, கொஞ்சம் தள்ளுங்க" என்று வீட்டுப் பையன் வந்து ஒரே திருப்பில் திறந்து காட்டுவான். முகத்தில் ஒரு பெருமை வேறு! :)

"அது அப்படித்தான்." சிக்கலே இந்த இரண்டு வார்த்தையில்தான் இருக்கிறது. பூட்டைச் சரிசெய்வதற்குப் பதிலாக வீட்டில் உள்ள நாலு பேரும் பூட்டுக்கு ஏற்ற மாதிரி பழகிக்கொள்கிறார்கள்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணி, கரண்ட் இல்லை, சமையலறையில் கேஸ் நாற்றம். அந்த நேரத்தில் கதவைத் திறக்கவேண்டியது வித்தை தெரிந்த பையன் அல்ல, கை நடுங்கும் பாட்டி. அல்லது வீட்டில் தனியாக இருக்கும் ஏழு வயதுக் குழந்தை. அல்லது சாவியைக் கொடுத்து வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டுக்காரர்களுக்கு மட்டும் திறக்கும் பூட்டு கேட்பதற்குப் பாதுகாப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் ஆபத்து என்று வரும்போது உதவிக்கு ஓடி வருகிறவரையும் அதே பூட்டுதான் வெளியே நிறுத்தும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. பழுதுபார்ப்பு என்பது வருவாயினச் செலவு, அந்தந்த வருடமே கணக்கில் எழுதவேண்டியது என்று முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தள்ளிப்போட்டால் அது மிச்சம் ஆகிவிடாது. கணக்கில் எழுதாத கடனாக நிற்கும். என்றைக்காவது சாவி உள்ளேயே ஒடியும்போது வட்டியும் முதலுமாகக் கட்டவேண்டி வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இறுகும் பூட்டு என்றால் பூட்டில்தான் கோளாறு என்று நினைக்கிறோம். பல சமயம் குற்றவாளி கதவு. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் இறுகினால் கோளாறு பூட்டிலோ சாவியிலோ இருக்கிறது. திறந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு திரும்பி, மூடியபின் மட்டும் முரண்டு பிடித்தால் பூட்டின் மேல் தப்பில்லை. பூட்டின் நாக்கு, நிலையில் உள்ள துளைக்கு நேராகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பூட்டைப் பார்ப்போம். நம் வீடுகளில் எல்லா வியாதிக்கும் மருந்து தேங்காய் எண்ணெய். பூட்டுக்கும் அதுவேதான். ஊற்றியதும் இரண்டு நாள் நன்றாகத் திறக்கும், அதனால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். சிலிண்டர் பூட்டுக்குள் குட்டிக் குட்டி ஊசிகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கின்றன. சாவியின் பற்கள் அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் சிலிண்டர் சுற்றும். அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர் 1861-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழி வந்தது இது. இந்த இடத்தில் எண்ணெயை ஊற்றினால் தெருப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொண்டு பசையாகிவிடும், ஊசிகள் நகராது. போதாக்குறைக்கு, தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைவது பூட்டுக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா?

இதற்கு ஒரு சாதாரண பென்சில் போதும். பென்சிலில் இருப்பது கிராபைட், எண்ணெய்ப் பசை இல்லாமலே வழுக்கும் பொருள். சாவியின் பற்களிலும் பக்கங்களிலும் பென்சிலால் நன்றாகத் தீட்டி, பூட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு முறை விட்டு எடுத்துத் திருப்புங்கள். ஏற்கெனவே எண்ணெய் ஊற்றிய பூட்டாக இருந்தால் இதை உடனே செய்யாதீர்கள், எண்ணெயும் கிராபைட்டும் சேர்ந்து சேறாகிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேயை அடித்து, சாவியை விட்டு விட்டுத் துடைத்து, அழுக்கு வருவது நின்றபின் நன்றாகக் காயவிடுங்கள். பென்சில் அதற்கப்புறம்தான்.

சாவியையும் கொஞ்சம் கவனிக்கவேண்டும். டூப்ளிகேட்டிலிருந்து டூப்ளிகேட், அதிலிருந்து இன்னொன்று என்று எடுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் சின்னத் தப்பு சேர்ந்துகொண்டே வரும், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. பீரோவில் தூங்கும் ஒரிஜினல் சாவியைப் போட்டுப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி கதவு. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் பூட்டு திறக்கிறது என்றால் கதவு தொங்கிப்போயிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மேல் கீலின் திருகாணிகள்தான் தளர்ந்திருக்கும். முறுக்கிப் பாருங்கள். மரத்தில் துளை பெரிதாகித் திருகாணி சும்மா சுற்றினால், மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரம் ஒட்டும் பசையில் தோய்த்துத் துளைக்குள் திணித்து, காய்ந்ததும் திருகாணியை மறுபடி முறுக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கீல் சரியாக இருந்தும் நாக்கு இடிக்கிறதென்றால், நாக்கின் நுனியில் கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்துத் தடவிக் கதவை மூடிப் பூட்டப் பாருங்கள். நிலையில் உள்ள தகட்டில் எங்கே சிவப்பு படுகிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்த ஓரத்தை அரத்தால் ஓரிரு மில்லிமீட்டர் ராவினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இறுகும் மரக்கதவுக்கு அவசரப்பட்டு இழைப்புளி போடக்கூடாது. ஈரத்தில் உப்பிய மரம் கோடையில் மறுபடி சுருங்கும், அப்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் போகும். மழை முடியும்வரை உரசும் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயிண்ட் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாது என்று பெயிண்டர்கள் விட்டுவிடும் அந்த இரண்டு விளிம்பு வழியாகவும் ஈரம் உள்ளே போகும்.

"வேலை தெரியாதவன் கை வைத்தால் இருப்பதும் கெடும்" என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பூட்டையே கழற்றிப் பிரிக்கும் வேலை நமக்கு வேண்டாம், ஸ்பிரிங் தெறித்தால் மறுபடி சேர்க்கமுடியாது. சாவி உள்ளே ஒடிந்தாலும் பூட்டு ரிப்பேர் செய்பவரைத்தான் கூப்பிடவேண்டும். ஆனால் பென்சில் தீட்டவும் திருகாணி முறுக்கவும் நிபுணர் எதற்கு?

"வாடகை வீடு, ஓனர் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது இன்னொரு சாக்கு. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கதவுகளின் கைப்பிடியையும் பூட்டையும் மாற்றுவது குடியிருப்பவரின் பொறுப்பு. ஓனர் வருவார் என்று காத்திருந்தால் பூட்டுதான் துருப்பிடிக்கும்.

எதில் ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் பாத்ரூம் தாழ்ப்பாளில் ஆரம்பியுங்கள். வயதானவர்கள் வழுக்கி விழும் இடம் அது. வெளியே இருந்து யாராலும் திறக்கமுடியாதபடி இறுகும் தாழ்ப்பாள் அந்த இடத்தில் ஒரு நாள் கூட இருக்கக்கூடாது.

அடுத்த முறை சித்தப்பா வரும்போது அவர் கையில் சாவியைக் கொடுங்கள். யார் உதவியும் இல்லாமல் திறந்துகொண்டு உள்ளே வந்தால் உங்கள் பூட்டு சரியாக இருக்கிறது. வாசலிலிருந்து அவர் குரல் கேட்டால், பென்சிலைத் தேடுங்கள்.