வில்லுக்குப் பசை வாங்கப் போன கதை, கூடவே கொஞ்சம் சண்டை

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது உறவுக்காரர் ஒருவர், "என்ன மாமா, இன்னும் பசையோடு மல்லுக்கட்டுகிறீர்களாமே? கடையில் இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கானதை வாங்கி ஒட்ட வேண்டியதுதானே?" என்றார். இலை போட்டுவிட்டார்கள், பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: என் பேத்தி வில்வித்தை பழகுகிறாள். 'இந்தியன் ரவுண்ட்' என்று ஒரு பிரிவு உண்டு. சக்கரம் வைத்த வெளிநாட்டு வில் எதுவும் இல்லாமல், மூங்கிலிலும் மரத்திலும் செய்த வில்லால் எய்வது. தெரிந்த பட்டறை ஒன்றில், முதுகுப் பக்கம் மூங்கில் பட்டை, வயிற்றுப் பக்கம் மரப்பட்டை என்று இரண்டையும் ஒட்டி ஒரு வில் செய்து வாங்கினோம். (வில்லில் எய்பவரைப் பார்த்த பக்கம் வயிறு, இலக்கைப் பார்த்த பக்கம் முதுகு.) பட்டறைக்காரர் நல்ல மனிதர். வெள்ளைப் பசை தடவி, இரண்டு நாள் கிளாம்பில் இறுக்கி வைத்துத்தான் கொடுத்தார்.

அந்த வில் மரக்காணத்தில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில், நாணை அவிழ்க்காமல், மே ஜூன் முழுக்கத் தொங்கியது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் பார்த்தால், நுனியில் ஒரு பட்டை மற்றதைத் தாண்டி ஒரு நெல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. பட்டை நகர்ந்திருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கிவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன் புத்தி, குறை தெரிந்தால் அதை மழுப்பத்தான் சொல்லும். மறுவாரம் முழு இழுப்பில் பட்டை பிரிந்து, பேத்தியின் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே அடித்தது. மூன்று தையல்.

"பசை சரியாகப் பிடிக்கவில்லை" என்றார்கள் எல்லோரும். தவறு. பிரிந்த பட்டைகளைப் பார்த்தேன், பசை இரண்டு பக்கமும் நன்றாகவே பிடித்திருந்தது. நடுவில் அதுவே இழுபட்டுப் போயிருந்தது, வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி.

ஒரு நூறு பக்க நோட்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் தாள்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிப் படிக்கட்டு மாதிரி நிற்கும். வில்லில் பசையின் வேலை இந்த வழுக்கலைத் தடுப்பது. சம கனத்தில் இரண்டு பட்டை ஒட்டினால், ஒட்டு சரியாக நடுவில் வரும். வழுக்கும் விசை மிக அதிகமாக இருப்பதும் அதே நடுவில்தான். நாண் ஏறியிருக்கும்வரை இரவு பகல் அந்த விசை ஓயாது. வெள்ளைப் பசை சூட்டில் இளகும் ஜாதி, ஓயாத பாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வழிவிடும். நாற்காலிக்கும் அலமாரிக்கும் அதனால் கெடுதல் இல்லை. என் புத்தக அலமாரியே அதில்தான் நிற்கிறது. குற்றம் பசையுடையது அல்ல, அதை இந்த வேலைக்கு அனுப்பியவர்களுடையது.

ஆகவே 'ஸ்ட்ராங்' என்ற சொல்லை முதலில் விடுங்கள். ஒரு தடவை இழுத்துப் பிய்க்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது ஒரு கேள்வி. அதில் கால்வாசி பாரத்தைத் தகரக் கொட்டகையில் இரண்டு மாதம் நகராமல் தாங்குமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவதற்கும் பாஸ் போடுகிறோம்.

அடுத்து 'மரைன்'. கடற்கரை ஊர் என்றதும் கடைக்காரர் இந்தச் சொல்லை எடுத்து வீசுவார். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒட்டுப்பலகை வாங்கும் கோப்புகள் என் மேசைக்கு வரும். சாதாரணப் பலகைக்கு ஐ.எஸ். 303, மரைன் பலகைக்கு ஐ.எஸ். 710. இந்த 710 பலகையின் மாதிரியை 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் வேகவைத்துச் சோதிப்பார்கள். அருமையான சோதனை, ஆனால் அது பலகைக்கு. அந்தப் பலகையில் இருக்கும் பினால் பிசின் தொழிற்சாலையில் சூட்டோடு அழுத்தி இறுகுவது, வீட்டில் தூரிகையால் தடவுவது அல்ல. டப்பாவில் தண்ணீருக்குத் தாங்கும் என்று போட்டிருந்தால் தண்ணீருக்குத் தாங்கும், அவ்வளவே. வளைத்துப் பிடித்த பாரத்துக்குத் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

மூன்றாவது கோஷ்டிதான் எனக்கு அதிகத் தலைவலி. "நம் முன்னோர் மீன் பசையில் வில் செய்தார்கள், ஆயிரம் வருஷம் நின்றது" என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள். மீன் பசை பொய் இல்லை. பிரெஞ்சில் பசைக்கு 'கொல்' என்று பெயர். (பள்ளியில் சேட்டை செய்தவனை மாலையில் உட்கார்த்தி வைப்பதற்கும் அதே 'கொல்'தான். நான் அந்த இரண்டாவது வகையில் தேர்ந்தவன்.) 'கொல் த புவாசோன்', அதாவது மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுக்கும் பசை. கொரியாவில் கொம்பு வில்லுக்கு இன்றும் அதுதான். அவர்கள் எடுக்கும் மீன் நம் கத்தாழை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. காய்ந்தபின் அதன் பிடி அபாரம், விறைப்பாகவும் நிற்கும். ஆனால் கொரியர்கள் அந்த வில்லைக் கதகதப்பான பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள், ஏனென்றால் ஈரம் பட்டால் அந்தப் பசை திரும்பவும் கஞ்சி.

இங்கே எங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எண் தெரியாது, காலை நேரத்தில் குவியல் வியர்ப்பது தெரியும். அதே உப்புத்தான் காற்றில் வந்து கொட்டகைச் சாமான்கள் மேலெல்லாம் படிகிறது. இதில் மீன் பசை வில்லா? அர்த்தசாஸ்திரம் வில்லுக்குப் பனை, மூங்கில், மரம், கொம்பு என்று நான்கு பொருள் சொல்கிறது. பனையும் மூங்கிலும் ஒற்றைத் துண்டாகவே வில்லாகும், ஒட்டே வேண்டாம். பின்னாளில் இந்தியாவில் எஃகிலேயே வில் அடித்தார்கள், அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். முன்னோர் ஊரைப் பார்த்துப் பொருள் எடுத்தவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி நாம்தான் ஊரைப் பார்ப்பதில்லை.

ஈரத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போடுவதும் சரியில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷாருக்கு 'மொஸ்கிட்டோ' என்று மரத்தில் ஒட்டிச் செய்த விமானம் இருந்தது. 1944 இறுதியில் இந்தியாவில் சில விமானங்களில் ஒட்டு விட்டு, பறப்பதையே நிறுத்திச் சோதித்தார்கள். முதலில் நம் வெயிலையும் மழையையும்தான் திட்டினார்கள். ஆராய்ந்தபோது, தொழிற்சாலையில் துண்டுகள் சரியாகப் பொருந்தாமல் இடைவெளியோடு ஒட்டப்பட்டதும் வெளியே வந்தது. எந்தப் பசை வாங்கினாலும் இழைப்புளி வேலை சுத்தமாக இருக்க வேண்டும். மூங்கிலின் வழவழப்பான வெளித்தோலில் எதுவும் பிடிக்காது, உள்பக்கத்தைத்தான் ஒட்ட வேண்டும்.

சரி, நீ எதைப் போட்டாய் என்று கேட்பீர்கள். மெதுவாக இறுகும் எபாக்ஸி. ஐந்து நிமிஷத்தில் பிடிக்கிறது அல்ல, அது அவசரக்காரர்களுக்கு. ரிசார்சினால் பசையும் இதற்கு ஏற்றது. விறைப்பாக நிற்கும், வெயில் மழைக்கு அஞ்சாது. ஆனால் மயிரிழை இடைவெளியைக்கூடப் பொறுக்காது, அழுத்தமும் நிறைய கேட்கும். என் கைக்கு அது ஆகாது. எபாக்ஸி சிறு இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். கிளாம்பைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிடும், இதமாக இறுக்கினால் போதும். இரண்டு பாகங்களையும் கண்ணளவில் கலக்காமல் தராசில் நிறுத்துக் கலந்தேன். ஈரக் காற்றில் இறுகினால் மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் வரும், அதனால் விடிகாலையில் தொடாமல் நடுப்பகலில் ஒட்டினேன். பட்டைகளை அதற்கு முன்பே வாரக்கணக்கில் உலர வைத்தாயிற்று.

முக்கியமான சங்கதி சூடு. சும்மா அறைச் சூட்டில் இறுகிய எபாக்ஸியும் தகரக் கொட்டகை வெயிலில் இளகக்கூடும். பழைய பீரோவை உடைத்து ஒரு நீளப் பெட்டி அடித்து, உள்ளே குண்டு பல்புகளும் ஒரு தெர்மாமீட்டரும் வைத்து, கிளாம்போடு வில்லை எழுபது டிகிரியில் சில மணி நேரம் வாட்டினேன். இறுகும்போது வாங்கிய சூடு பின்னாளில் வெயிலைத் தாங்க உதவுகிறது. என் மனைவி அந்தப் பெட்டியை இன்னும் சவப்பெட்டி என்றுதான் சொல்கிறாள்.

விலை? வெள்ளைப் பசையைப்போலப் பல மடங்கு. குறைந்த விலைப்புள்ளிக்கே கையெழுத்து வாங்கி வாங்கிப் பழகிய எனக்கே முதலில் மனசு வரவில்லை. மூன்று தையலை நினைத்துக்கொண்டேன்.

இப்போது எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுகிறோம். வில்லின் பக்கவாட்டில் இரண்டு பட்டைக்கும் குறுக்கே, நான்கு இடத்தில் மெல்லிய பென்சில் கோடு போட்டிருக்கிறேன். ஒட்டு மயிரளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பதினான்கு மாதம் ஆகிறது, கோடு நேராகவே இருக்கிறது. "நான் பார்த்துவிட்டேன், நீ எய்யலாம்" என்றால் பேத்தி கேட்பதில்லை. "நீங்க உப்புத்தாள் போட்டிருப்பீங்க தாத்தா" என்று டார்ச் அடித்து நான்கு கோட்டையும் அவளே ஒரு முறை பார்த்த பிறகுதான் நாண் ஏற்றுகிறாள்.