பறவைக் குருதியும் பெயரறியும் கலையும்

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துரைக்கும் தொல்காப்பிய மரபியலைப் பயில்வோர்க்கு, வகுத்தறிதலின் அருமை சொல்லாமலே விளங்கும். ஆயினும், "காட்டுப் பறவையின் குருதியிலுள்ள கிருமிக்குப் பெயர் கண்டு ஆவதென்ன?" என வினவுவார் நம்முள் உளர். ஆவது மிகப் பெரிது என்பதே என் துணிபு.

பறவையின் ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லெனத் தடவி, உலர்த்தி, ஜீம்சா என்னும் சாயமூட்டிப் பூதக்கண்ணாடியின் கீழ் நோக்கின், குருதியணுக்களுள் குடியிருக்கும் ஒட்டுயிர்கள் தோன்றும். அவற்றுள் பிளாஸ்மோடியம் குருதியணுவிலேயே பல்கிப் பெருகும். ஹீமோபுரோட்டியஸ் அங்ஙனம் அணுவிற் பெருகாது. அதன் முதிர்ந்த உரு செவ்வணுவின் உட்கருவை ஒட்டி வளைந்து கிடக்கும். இவ்விரண்டினும் காணப்படும் நிறத்துகள்கள் லியூக்கோசைட்டோசூனில் இல்லை.

இவை வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல. முதலதைப் பரப்புவது கொசு. இரண்டாவதைப் பரப்புவன மிகச் சிறு கடியீக்களும் பறவையின் இறகிடையே வாழும் ஒருவகை ஈக்களும். மூன்றாவதைப் பெரும்பாலும் பரப்புவன ஓடுநீரில் வளரும் கருநிற ஈக்கள். எனவே, பெயர் பிழைப்பின் காவலும் பிழைக்கும்.

இதற்குச் சான்றுகள் உள. 1898-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ் பறவைகளின் குருதியை ஆராய்ந்தன்றோ, கொசு மலேரியாவைப் பரப்பும் முறையை முற்ற விளக்கினார்? ஹவாய்த் தீவுகளிற் கொசு 1826-ஆம் ஆண்டில் புகுந்தது. பின்னர்ப் பரவிய பறவை மலேரியா, அந்நோயை முன்பு அறியாத தேன்பறவை இனங்கள் பல அழிதற்கு ஒரு பெருங்காரணமாயிற்று. நோயின் பெயரும் அதனைச் சுமக்கும் பூச்சியும் தெரிந்தமையால், கொசுவினம் பெருகாமற் செய்யும் ஆண்கொசுக்களை 2023 முதல் அங்கே விடுகின்றனர்.

மரபணுவைப் படித்தாற் போதும், பூதக்கண்ணாடி இனி வேண்டா என்பர் சிலர். யான் உடன்படேன். கண்ணுக்குத் தப்பும் சிறு தொற்றையும் மரபணு காட்டும். உருவில் ஒத்த இரண்டைப் பிரித்தும் காட்டும். ஆனால், அவ்வொட்டுயிர் அப்பறவையுள் முதிர்ந்ததா, இடையே மடிந்ததா என்பதை அது மட்டும் உணர்த்தாது. முதிர்ந்த உருவைக் குருதியிற் காணாது, அப்பறவையால் நோய் பரவும் எனத் துணிதல் தவறு. எழுத்தையும் பொருளையும் ஒருங்கு நோக்கியே சுவடிப் பாடத்தைத் துணிகின்றோம். ஈண்டும் அந்நெறியே வேண்டும்.

ஆதலின், நண்பர்களே, கண்ணாடித் தகட்டின் முன் நெடும்பொழுது அமர்ந்திருக்கும் விஞ்ஞான மாணவனை எள்ளற்க. அவன் பிழையறக் காணும் ஒரு பெயர், ஓர் இனத்தைக் காத்தற்கு வழியாதல் கூடும்.