டாஸில் ஜெயித்தவர்கள்

கூளிக்கடவில் டீ குடிக்க உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் பந்தில் வந்து விழும். மாசி, பங்குனி மாதங்களில் கேட்கவே வேண்டாம். மலப்புரத்திலும் மண்ணார்க்காட்டிலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து களைகட்டியிருக்கும். சுரம் இறங்கி ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டு விடியக்காலை அகளி திரும்பியவர்கள், தூக்கம் கெட்ட கண்ணோடு கிளாஸைப் பிடித்துக்கொண்டு நியாயம் பேசுவார்கள். ஒருத்தர் தமிழில் ஆரம்பிப்பார், அடுத்தவர் மலையாளத்தில் மறுப்பார், மூன்றாமவர் இருள பாஷையில் சிரிப்பார். எந்தப் பாஷையில் பேசினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே வாக்கியம்: "ஃபைனலுக்கு வர வேண்டிய டீம் அது இல்லீங்க."

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நல்ல அணி இறுதி ஆட்டத்துக்கு வரவேண்டும் என்பதை யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் அதற்குள் இன்னொரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. எது நல்ல அணி என்று பந்தைக் கேட்காமலே நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. தெரியும் என்றால் எதற்கு ஆட்டம்? டீக்கடையிலேயே கப்பைக் கொடுத்துவிட்டால் கேலரி கட்டும் மூங்கில் செலவாவது மிச்சம்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு நாடே கோயில் கட்டி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகன் சொல்லித்தான் நான் அதைக் கவனிக்க ஆரம்பித்தேன். அங்கே ஃபுட்பால் என்றால் நம்முடையது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. அதிலும் கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்குத்தான் ஊரே திரள்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் இருப்பதால் எல்லாரும் எல்லாரோடும் ஆடி முடிப்பது நடக்காத காரியம். ஆகவே 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி அறைக்குள் உட்கார்ந்து, கோப்பைக்கு மோதத் தகுந்த நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்துவந்தது.

2023 டிசம்பரில் அந்தக் கமிட்டி என்ன செய்தது தெரியுமா? ஃப்ளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டம் ஆடி 13-லும் வென்று, தன் பிரிவின் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு நின்றது. அதைக் கழற்றிவிட்டு, ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமாவை நான்காவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஃப்ளோரிடாவின் முக்கிய ஆட்டக்காரர் ஜோர்டான் ட்ராவிஸ் நவம்பரில் கால் முறிந்து வெளியேறிவிட்டார், அவர் இல்லாமல் இவர்கள் இனி பழைய அணி அல்ல என்பது காரணம். அவர் அடிபட்டு வெளியேறிய பிறகும் அணி தோற்கவில்லை. இனிமேல் தோற்றுவிடுவார்கள் என்று தோன்றியதே போதுமானதாக இருந்தது. நடக்காத தோல்விக்குத் தண்டனை.

இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. கழற்றிவிடப்பட்ட ஃப்ளோரிடா, அதே டிசம்பர் 30-ஆம் தேதி ஜார்ஜியாவிடம் 63-3 என்று மண்ணைக் கவ்வியது. "பார்த்தாயா, கமிட்டி சொன்னது சரிதானே!" பெரிய ஆட்டம் பறிபோன பிறகு அணியின் முன்னணிப் பையன்கள் பலர் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை என்பதை இந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை. பந்தியிலிருந்து எழுப்பிவிட்டு, பிறகு "அவனுக்குப் பசியே இல்லை" என்பது போலத்தான். சரி, பின்னால் வந்த முடிவை வைத்துத்தான் தகுதி பேசுவோம் என்றால் 1992-க்குப் போவோம். ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்றில் யூகோஸ்லாவியாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து வீட்டுக்குப் போன அணி டென்மார்க். போரையொட்டிய ஐ.நா. தடையால் யூகோஸ்லாவியா விலக்கப்பட, கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். போய், இறுதியில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையோடு திரும்பினார்கள். டீக்கடைக் கணக்குப்படி அங்கே கால் வைக்கவே தகுதி இல்லாதவர்கள்.

அமெரிக்காவில் 2024 முதல் நான்கைப் பன்னிரண்டாக்கிவிட்டார்கள். சண்டை நின்றுவிட்டதா? நான்காவது இடத்திலிருந்து பன்னிரண்டாவது இடத்துக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான்.

அந்நியர் கதை எதற்கு, நம் வீட்டுக்கே வருவோம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு இந்தியக் கால்பந்து அணியை அனுப்பவில்லை. ஆசியாவில் முதல் எட்டு இடத்துக்குள் இல்லையாம். 2023-இல் ஹாங்சோவுக்கும் முதலில் அதே பதில்தான். அப்போது ஆசியாவில் நமக்கு 18-ஆவது இடம். சத்தம் எழுந்தபின் ஜூலையில் விதியைத் தளர்த்தினார்கள். அவசரமாகக் கட்டிய அணி போய்ச் சேர்ந்தது. சீனாவிடம் 5-1 என்று உதை வாங்கியது, பங்களாதேஷை 1-0 என்று வென்றது, மியான்மரோடு சமன் செய்தது, கடைசி 16-க்குள் நுழைந்து சவூதியிடம் 2-0 என்று தோற்றது. பெரிய சாதனை என்று நான் சொல்லவில்லை. எட்டுக்குள் வந்தால்தான் ஆடலாம், ஆடினால்தானே எட்டுக்குள் வரலாம் என்று கேட்கிறேன். நீச்சல் கற்றபின் ஆற்றில் இறங்கு என்கிற புத்திமதி.

இன்னொன்று, இது நெஞ்சில் கிடப்பது. 2019 மார்ச் 9. ஆனைகட்டி வழியாக பஸ் பிடித்துக் கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன். ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி அணிக்கு அப்போது கோவைதான் சொந்த மைதானம். அன்றைக்கு மினர்வா பஞ்சாபை வென்றால் கப் அவர்களுக்கு. தோற்று, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்றால் கப் கொல்கத்தாவுக்கு. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. என் பக்கத்தில் போனில் கோழிக்கோட்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், அதன்பின் இடைவேளை வரை வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் பாதியில் பெனால்டி, பிறகு தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போராவின் இரண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே வென்றது. 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

பட்டம் வாங்கியாயிற்று. மேலே? மேலே ஏணியே இல்லை. காசு கட்டி உள்ளே போனவர்களுக்கான ஐ.எஸ்.எல். என்ற லீக் ஒன்று பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. அதற்குள் நுழைய வெற்றி போதாது. அடுத்து கோகுலம் கேரளா 2020-21-லும் 2021-22-லும் தொடர்ந்து இரண்டு முறை ஐ-லீக் வென்றது. அவர்களுக்கும் கதவு திறக்கவில்லை. "ஐ-லீக் டீமெல்லாம் ஐ.எஸ்.எல். தரத்துக்கு ஆகாதுங்க" என்று அறிவாளிகள் சொன்னார்கள். 2022 மே மாதம் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையில் இதே கோகுலம், ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே. மோகன் பகானை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று போட்டது. உடனே கோகுலம்தான் உசத்தி என்று நான் குதித்தால் நானும் அதே டீக்கடைதான், ஏனென்றால் அடுத்த இரண்டு ஆட்டத்திலும் மாலத்தீவின் மாஸியாவிடமும் வங்கதேசத்தின் பசுந்தராவிடமும் கோகுலம் தோற்றது. தரம் என்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதை நம்பிக் கதவைப் பூட்டினார்கள் என்பதுதான் என் குறை. ஐ-லீக் வென்றால் மேலே போகலாம் என்ற விதி 2022-23-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு வென்ற பஞ்சாப் மேலே போனது. யாரும் தரம் அளக்கவில்லை, வானமும் இடிந்து விழவில்லை.

"அப்போ விதி எப்படி இருந்தாலும் சரியா? டாஸ் போட்டு ஒருத்தனை அனுப்பறது நியாயமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மண்டலவாரியாகப் பிரித்தால் இன்னும் நல்ல கேள்வி வரும். பல்கலைக்கழக அணிகளின் அகில இந்தியக் கால்பந்தில் அந்தந்த மண்டலத்தில் ஆடி வென்றுதான் மேலே போகவேண்டும். தென் மண்டலத்தில் கோழிக்கோடு போன்ற பெருந்தலைகள் இருக்க, "நம்ம மண்டலத்துல தோத்தவன் அவங்க மண்டலத்துல ஜெயிச்சவனை ஊதித் தள்ளுவான்" என்று கல்லூரிப் பையன்கள் சொல்வதில் உண்மையும் இருக்கலாம். இருக்கட்டும். அதற்கு மருந்து, மண்டலத்துக்கு எத்தனை இடம் என்று சீசன் தொடங்குமுன் சண்டை போட்டு மாற்றுவது. தோற்றபின் உட்கார்ந்து ஊதிப் பார்ப்பதல்ல. 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் பவுண்டரி எண்ணிக் கோப்பை கொடுத்தார்கள். மட்டமான விதி. ஆனாலும் எழுதி வைத்த விதி. இங்கிலாந்து கோப்பையை வைத்துக்கொண்டது, அதே ஆண்டு விதியைத் தூக்கி எறிந்தார்கள். அதுதான் வரிசை.

நாம் எப்போது விதியைக் கும்பிடுகிறோம், எப்போது தகுதியைக் கும்பிடுகிறோம் என்று பார்த்தால் சிரிப்பு வரும். 2025 பிப்ரவரியில் கேரளா முதன்முறையாக ரஞ்சிக் கோப்பை இறுதிக்குப் போனது. எப்படி? காலிறுதியில் ஜம்மு காஷ்மீரைவிட முதல் இன்னிங்ஸில் ஒரு ரன் கூடுதல். அரையிறுதியில் குஜராத்தைவிட இரண்டு ரன் கூடுதல், 457-க்கு 455. குஜராத்தின் கடைசி ஆட்டக்காரர் ஓங்கி அடித்த பந்து, அருகில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபி கையில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு இதே கூளிக்கடவில் ஒருவர்கூட "ஃபைனலுக்கு வர வேண்டிய டீம் இது இல்லை" என்று சொல்லவில்லை. லட்டு கொடுத்தார்கள். நானும் இரண்டு தின்றேன். நாக்பூரில் இறுதி ஆட்டமும் டிராவாகி, முதல் இன்னிங்ஸில் 37 ரன் கூடுதல் என்று விதர்பா கோப்பையைக் கொண்டுபோனபோதுதான் விதியின் மேல் நமக்குச் சந்தேகம் வந்தது.

தகுதி என்ற சொல் யார் வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்பதையும் அகளிக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2022 ஜூலையில் நம் நக்குபதி ஊரின் நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தபோது, முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் இருக்க இவருக்கா என்று சிலர் கேட்டார்களே. பாட்டுக்குக் கோல் போஸ்ட் கிடையாது. யாராவது உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லித்தான் ஆகவேண்டும், கேள்வியும் எழத்தான் செய்யும். அந்தச் சங்கடம் பந்துக்கு இல்லை. கோட்டைத் தாண்டியதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. இருக்கிற ஒரு நேர்மையான இடத்தில் நாமே போய் ஜட்ஜ் நாற்காலியைப் போடுகிறோம்.

நாற்காலி போட்டவர்களில் நானும் ஒருவன். பல வருஷத்துக்கு முன்னால், பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்த செவன்ஸ். கமிட்டியில் ஐந்து பேர், கணக்கு நோட்டு என் கையில். காலிறுதியில் மேலே ஓர் ஊரிலிருந்து வந்த பையன்கள். இருவருக்கு பூட் கிடையாது. எதிரே டவுனிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவந்த அணி, அவர்களைப் பார்க்கத்தான் டிக்கெட் விற்றிருந்தது. கோல் இல்லை. பெனால்டியிலும் சமம். ரெஃப்ரி சுண்டிய ரூபாய் பனி நனைந்த புல்லுக்குள் விழுந்து, ஜெனரேட்டர் வெளிச்சம் எட்டாத இடமாகிவிட, ஒரு பையன் முட்டி போட்டு போன் டார்ச்சை அடித்தான். தலை. ஊர்ப் பையன்கள் கேட்டதும் தலை.

ராத்திரியே கமிட்டி கூடியது. "ஏனுங், டாஸ்ல ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பா? நாளைக்கு செமிக்கு இவனுகளை எறக்குனா கேலரி காலியாயிரும்" என்றார் ஒருவர். காலையில் மறுபடி ஓர் ஆட்டம் வைப்பதென்று முடிவாயிற்று. ஐந்து கையெழுத்து, மூன்றாவது என்னுடையது. பையன்கள் எதிர்த்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்திருந்துவிட்டுக் காலையில் வந்து ஆடினார்கள். 3-0 என்று தோற்றார்கள். "பாத்தீங்களா, நாம செஞ்சது சரிதானுங்களே" என்று அதே மனிதர் என் தோளைத் தட்டினார். இன்றைக்கும் தகுதி பற்றிப் பேச்சு வந்தால் அவர் அந்த 3-0-ஐத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

வண்டிக்காசு வாங்க என்னிடம் வந்தவன் அவர்களுடைய கோல் கீப்பர். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டான்.

"அண்ணா, காலைலயும் நாங்களே ஜெயிச்சிருந்தா, மத்தியானம் இன்னொண்ணு வெச்சிருப்பீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் அடுத்த அணியின் பெயரைக் கூப்பிட்டேன்.