வயல் தெரிந்தவருக்குக் கொல்லை புதிது

எந்த ஊர் வாரச் சந்தைக்குப் போனாலும் இதைக் காணலாம். பையில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கிப் போகிறவர்களில் நிலமும் கிணறும் உள்ள விவசாயிகளும் இருக்கிறார்கள். நெல்லும் கரும்பும் விற்ற பணத்தில் ஒரு கட்டுக் கீரையைக்கூட விலைக்கு வாங்குகிறோம். பாட்டிமார் காலத்தில் கொல்லையில் அவரைப் பந்தலும் கூரைமேல் பூசணிக் கொடியும் இல்லாத வீடு குறைவு. பின்னர் பாகப்பிரிவினையில் கொல்லை சுருங்கிற்று. கொல்லைக் கிணறும் வற்றிற்று. மிஞ்சிய இடத்தில் மறுபடி காய்கறி போடலாமே என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் இருபது வருஷம் ஏர் பிடித்தவரும் கொல்லையில் தாம் புதியவர் என்று எண்ணித் தொடங்குவதே நலம் என்பது என் கருத்து. வயல் வழக்கங்களை அப்படியே கொல்லைக்குக் கொண்டுவருவதால்தான் பல வீட்டுத் தோட்டங்கள் மூன்றாம் மாதமே முள்ளும் புதருமாகி விடுகின்றன.

முதல் வழக்கம், பரப்பு. ஐந்து சென்ட் காலியாக இருக்கிறது என்று ஐந்து சென்டையும் கொத்தி விடுகிறோம். கொல்லையை நிலத்தால் அளக்கக்கூடாது. வீட்டில் புழங்கும் தண்ணீரால் அளக்க வேண்டும். கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் தேவை. ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். அதற்கு 200 லிட்டர் வேண்டும். 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கே ஆளுக்கு 55 லிட்டர்தான். ஐந்து பேர் உள்ள வீட்டில் அரிசி களைந்தது, பாத்திரம் கழுவியது, குளித்தது எல்லாம் சேர்ந்து அரை சென்டுக்கு எட்டும். முதல் வருஷம் அரை சென்ட் போதும். சோப்பு கலந்த குளியல் தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிட்டு, சமையலறைத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடுவது நல்லது.

இரண்டாவது, உரம். நெல்லுக்கு வாங்கிய யூரியாவில் மீந்ததை ஒரு பிடி அவரைக் குழியில் போடுவோர் உண்டு. கொடி பந்தலை மூடும், பூ இராது. மக்கிய தொழு உரம் குழிக்கு இரண்டு கூடை போட்டால் போதும். ஆடியில் ஊன்றிய நாட்டுப் பந்தல் அவரை, பகல் குறுகிப் பனி இறங்கிய பிறகுதான் பூக்கும். ஐப்பசியில் பூக்கவில்லையே என்று பிடுங்கி எறிய வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் மிகவும் கவலை தருவது. பருத்திக்கோ நெல்லுக்கோ வாங்கிய பூச்சி மருந்து பாட்டிலின் அடியில் மீந்திருக்கிறது. கத்தரியில் புழு தெரிகிறது. கை தானாக அங்கே போகிறது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குத் தெளிக்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. வயலில் தெளித்துவிட்டு அறுவடைக்குக் காத்திருக்கிறோம். கொல்லையிலோ காலையில் தெளித்த செடியில் மாலையில் குழந்தை வெண்டைப் பிஞ்சைப் பறித்துத் தின்கிறது. சந்தைக் காய் நஞ்சு என்று சொல்லித் தோட்டம் போட்டுவிட்டு, அதைவிடப் பெரிய நஞ்சை வீட்டு வாசலில் தெளிப்பதில் என்ன பொருள் இருக்கிறது? வாடித் தொங்கும் கத்தரிக் குருத்தை, உள்ளே புழு இருக்கும்போதே கிள்ளி நசுக்குங்கள். இருபது செடிக்கு ஐந்து நிமிஷ வேலை. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளித்த செடிக்கு மருந்து இல்லை. பிடுங்கிப் புதைத்தால் வெள்ளை ஈ அடுத்த செடிக்கு நோயைக் கடத்தாது. அப்படியும் பூச்சி மிகுந்தால், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

எதை முதலில் போடுவது? எல்லோரும் தக்காளியில் கை வைக்கிறார்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்ற நினைவு இன்னும் போகவில்லை. ஆனால் தக்காளி புதியவருக்கு உகந்ததன்று. வாடலும் இலைச்சுருளும் மனத்தை முறித்துவிடும். கீரையில் தொடங்குங்கள். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் சட்டிக்கு வந்துவிடும். பொட்டலம் முழுவதையும் ஒரே நாளில் தூவாமல், வாரம் ஒரு சிறு பாத்தி வீதம் விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். அடுத்து வெண்டை. ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும். வேலியோரம் சுரையோ பூசணியோ இரண்டு குழி. முதலில் வரும் பூக்கள் எல்லாம் உதிர்வதைப் பார்த்துச் சிலர் மனம் தளர்கிறார்கள். அவை ஆண் பூக்கள், உதிரத்தான் செய்யும். அடியில் சிறு பிஞ்சோடு பெண் பூ பிறகு வரும். வண்டு வராத இடத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிடலாம். பூசணிக்குக் காலையில், மாலையில் மலரும் சுரைக்கும் பீர்க்கனுக்கும் அந்தி நேரத்தில்.

இத்தனையும் சரியாகச் செய்து வேலி கட்டவில்லையென்றால், அண்டை வீட்டுக் கோழி ஒரே காலையில் பாத்தியைக் கிளறிவிடும். விதைக்கு முந்தி முள்வேலி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொல்லைத் தோட்டம் என்று பேசுகிறவர்கள் ஆண்கள். தண்ணீர் சுமந்து ஊற்றுகிறவர்கள் பெண்கள். மாடு, சமையல், நடவு, களையெடுப்பு எல்லாம் முடித்து வருகிறவர் தலையில் இதையும் ஏற்றினால் தோட்டம் நிலைக்காது. கழுவுநீர் தானாகப் பாத்திக்கு ஓடும்படி ஒரு வாய்க்கால் வெட்டிவிடுவது ஆண்பிள்ளை செய்ய வேண்டிய வேலை. எதை எப்போது ஊன்றுவது என்பதை வீட்டு அம்மாளிடமோ, தெருவில் இன்னும் பந்தல் வைத்திருக்கும் மூதாட்டியிடமோ கேட்டுச் செய்யுங்கள். அவரிடம் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் போட்ட அவரை விதையும் இருக்கும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் விதைப் பொட்டலம் தரும்போது வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒட்டு வீரிய ரகமானால் அதன் விதை அடுத்த வருஷம் அதே காயைத் தராது. ஆகவே நாட்டு ரகத்தில் நல்ல காய்களாக இரண்டைக் கொடியிலேயே முற்றவிட்டு, நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் யாராவது பறித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள்.